டயரில் தொடங்கும் ரசனை

மாற்றியமைத்த ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்று எதிரே நின்றால் நான் சைலன்சரைப் பார்ப்பதில்லை. பின்னால் போய்க் குனிந்து டயரைப் பார்ப்பேன். நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்து, ஓரங்களில் ரப்பர் முள் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த வண்டி வெளிவட்டச் சாலையில் நேராக மட்டுமே ஓடியிருக்கிறது. தேய்மானம் நடுவிலிருந்து ஓரம்வரை சீராகப் பரவியிருந்தால் ஓட்டுபவருக்கு வளைவு தெரியும். அவரிடம் வேறு என்னவெல்லாம் மாற்றினீர்கள் என்று உட்கார்ந்து கேட்கலாம்.

இந்தப் பேச்சுக்குச் சென்னையின் மேற்குப் புறநகரைப் போல் பொருத்தமான ஊர் இல்லை. பைக் செயின் செய்யும் டி.ஐ. டயமண்ட் செயின் அம்பத்தூரில் இருக்கிறது. பிரேக் லைனிங் செய்யும் ரானேயும் அங்கேதான். பக்கத்துப் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா. பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் பந்தயத் தளம். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்துவந்த பந்தயங்கள் 1990 வாக்கில் இங்கே வந்து சேர்ந்தன.

பாகம் தேர்ந்தெடுப்பதில் எனக்குப் பிடித்த பாடத்தை ஒரு கம்பெனியே நடத்திக் காட்டியது. யமஹா ஆர்15 2008இல் வந்தபோது பின் டயர் 100 மி.மீ. அகலம்தான். ஒல்லியாக இருக்கிறதே என்று ஆளாளுக்கு 120, 130 வாங்கி மாட்டினார்கள். ரிம்மை விட்டுவிட்டு டயரை மட்டும் அகலமாக்கினால் அதன் பக்கங்கள் உள்ளே இழுபட்டு, மேற்புறத்தின் வளைவே மாறிப்போகும். வண்டியைச் சாய்க்கும்போது முதலில் தயங்கும், பிறகு சட்டென்று விழும். 2011இல் யமஹாவே 130 டயர் கொடுத்தது. கூடவே வீல்பேஸை 1290 மி.மீ.யிலிருந்து 1345க்கு நீட்டி, அலுமினிய ஸ்விங் ஆர்ம் வைத்து, பின் ஸ்ப்ராக்கெட்டை 42 பல்லிலிருந்து 47 ஆக்கியது. டயர் கனத்ததால் குறையும் பிக்கப்பை அந்த ஐந்து பல் ஈடுகட்டியது. எதைத் தொட்டால் எதெல்லாம் கூடவே அசையும் என்று கணக்குப் போட்டுத் தொட்டிருக்கிறார்கள். என்ன அழகான வேலை!

ஸ்ப்ராக்கெட் மாற்றுவது மலிவான வேலை, பலன் உடனே தெரியும். முன்னே 15, பின்னே 45 பல் இருக்கிற வண்டியில் முன்னதை 14 ஆக்கினால் விகிதம் 3லிருந்து 3.21 ஆகும். சிக்னலில் வண்டி துள்ளும். அதே ஆர்.பி.எம்.மில் வேகம் ஏழு சதவீதம் குறையும். ஆவடி நெரிசலுக்கு இது வரம், நெடுஞ்சாலைக்கு இல்லை.

பிரேக்கில் பேடைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ரேஸ் பேடு சூடேறினால்தான் பிடிக்கும்; கருக்கலில் பால் வண்டி குறுக்கே வரும்போது அது உதவாது. எண்ணெயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டாட் 4 பிரேக் ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் அதற்கு உண்டு. நன்றாக ஊறிவிட்டால் கொதிநிலை 155 டிகிரி வரை இறங்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றுவதுதான் முதல் அப்கிரேடு. விலையுயர்ந்த ஸ்டீல் பிரெய்டட் ஹோஸ் அதற்கப்புறம்.

சஸ்பென்ஷனில் காசே செலவாகாத ஒரு வேலை இருக்கிறது. இரண்டு பேர் வண்டியின் பின்புறத்தைத் தூக்கிப் பிடிக்க, ஆக்சிலிலிருந்து சீட்டுக்குக் கீழே ஒரு புள்ளிவரை டேப் வைத்து அளக்க வேண்டும். பிறகு ஓட்டுபவர் ஹெல்மெட், ஜாக்கெட்டோடு ஏறி உட்கார, மறுபடி அளக்க வேண்டும். வித்தியாசம் 30, 35 மி.மீ.க்குள் வரும்வரை சி-ஸ்பேனரால் ஸ்பிரிங் காலரைத் திருப்ப வேண்டும். அறுபது கிலோக்காரருக்கும் தொண்ணூறு கிலோக்காரருக்கும் ஒரே செட்டிங் எப்படிப் பொருந்தும்? 2021இல் டி.வி.எஸ். தன் ஆர்ஆர்310க்குத் தொழிற்சாலையிலிருந்தே அட்ஜஸ்ட் செய்யக்கூடிய சஸ்பென்ஷனை விருப்பத் தேர்வாகக் கொடுத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சைலன்சர் மோகம் ஆர்எக்ஸ்100 காலத்து மிச்சம். அந்த டூ-ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சர் குழாய்க்குள்ளிருந்து திரும்பும் அழுத்த அலை, வெளியேறப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளும். அதனால் அதன் வடிவமே எஞ்சினின் சக்தி. இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் மஃப்ளரை மட்டும் மாற்றினால் கிடைப்பது பெரும்பாலும் சத்தம்தான். சட்டமும் சும்மா விடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம். தூங்கும் குழந்தையை எழுப்பிவிட்டுப் போகும் வண்டியில் எனக்கு எந்த அழகும் தெரியவில்லை.

வண்டி வாங்கியிருக்கும் தம்பிகளும் தங்கைகளும் ஒன்று செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தை மாற்றுங்கள். ஒரு மாதம் ஓட்டி, கைக்கும் காலுக்கும் என்ன வித்தியாசம் தெரிகிறது என்று கவனியுங்கள். சைலன்சருக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள். மீதி இருந்தால் இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் ரைடிங் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள்.