திரும்பும் வழி யாருக்கு?

ஆவடியில் அக்கா வீட்டு ஹாலில் 1942-ஆம் ஆண்டின் உலகம் விரிந்து கிடந்தது. 'ஆக்ஸிஸ் அண்ட் அல்லீஸ் 1942' பலகை விளையாட்டின் இரண்டாம் பதிப்பு. "சித்தி, உங்களுக்கு இது போரடிக்கும்" என்றான் அக்கா மகன். போரடிக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு அவனுடைய கடற்படையை மூழ்கடித்தேன். என்னை உறுத்தியது வேறு.

போர் விமானத்துக்கு நான்கு நகர்வுகள். தாக்க அனுப்பும்போதே, திரும்பி இறங்க நட்பு நிலமோ விமானந்தாங்கிக் கப்பலோ எட்டுமா என்று எண்ணிக்கொள்ள வேண்டும். அதன் விலை 10. காலாளின் விலை 3. அவனுக்குத் திரும்பும் கணக்கே கிடையாது. அடி விழுந்தால் எந்தக் காயை இழப்பது என்பது காய்க்கு உரியவரின் விருப்பம். எனவே தரையில் காலாளையும், கடலில் 8 விலையுள்ள நாசகாரிக் கப்பலையும் முதலில் கொடுத்து விமானத்தைக் காப்பாற்றுகிறோம். ஆட்டக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஃபாடர்', அதாவது தீனி. நானும் தீனி போட்டுத்தான் ஜெயித்தேன்.

பலகையில் சென்னை இல்லை. இந்தியா முழுவதும் ஒரே நிலப்பகுதி. 1942 ஏப்ரல் 5-ல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 6-ல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9-ல் மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' விமானந்தாங்கி, விமானம் ஒன்றுகூட இல்லாமல் மூழ்கியது. அந்த ஏப்ரலில் மதராஸ்வாசிகள் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடினார்கள். போகும் இடத்தில் அரிசிக்கும் விறகுக்கும் கைக்குழந்தைக்கும் வழி பார்த்தவர்கள் யார்? அவர்களுக்கு இங்கே காய் இல்லை. தீனியாகக்கூட அவர்கள் எண்ணப்படவில்லை.

பெண்களுக்குப் போர்த் தந்திரம் வராது என்பதால் அல்ல. அதே 1942-ல் லிவர்பூலில், கில்பர்ட் ராபர்ட்ஸ் தலைமையிலான பிரிவில், ஜீன் லெய்ட்லா, ஜேனட் ஓகெல் போன்ற இளம்பெண்கள் தரையில் கடலை வரைந்து ஆடினார்கள். ஜெர்மன் நீர்மூழ்கி சரக்குக் கப்பல் வரிசைகளுக்கு உள்ளேயே நுழைந்து சுடுகிறது என்பது அந்த ஆட்டத்தில் தெளிவானது. அதற்கு மாற்றாக 'ராஸ்பெர்ரி' என்ற உத்தி பிறந்தது. கடற்படை அதிகாரிகள் திரைத் துளை வழியே பார்த்து அவர்களிடம் பாடம் படித்தார்கள்.

அதுவும் போருக்கான ஆட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் மெதுவாகப் போகும் சரக்குக் கப்பலும் கரை சேர வேண்டும் என்பதே அதன் கணக்கு. இரண்டு ஆட்டங்களிலும் கட்டங்களும் காய்களும் உண்டு. யாரைத் திருப்பிக் கொண்டுவர ஆடுகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

போன வாரம் ஒரு விதியை மாற்றிப் பார்க்கலாம் என்றேன்: அடி விழுந்தால் விலை அதிகமான காய்தான் முதலில் போக வேண்டும். அக்கா மகன் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தான்.

"அப்படின்னா யாருமே சண்டையைத் தொடங்க மாட்டாங்க, சித்தி."