மூலையில் ஒரு யூனியன் ஜாக்

உத்திரமேரூர் அடங்கிய செங்கல்பட்டுச் சீமை, 1763-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகப் போனது. பிறகு இந்த வட்டாரத்தின் தலைவிதியை எழுதியது சென்னை ஜார்ஜ் கோட்டைக் கம்பத்தில் பறந்த கொடிதான். அந்தக் கொடியின் வம்சம் இன்றும் பல நாடுகளில் பறக்கிறது. அதன் ஒரு கிளை நம்மிடமும் உண்டு.

வெள்ளைத் துணியில் செஞ்சிலுவை இங்கிலாந்தின் அடையாளம். 1606-இல் அதனோடு ஸ்காட்லாந்தின் சாய்சிலுவையும், 1801-இல் அயர்லாந்தின் சிவப்புச் சாய்சிலுவையும் சேர்ந்து இன்றைய யூனியன் ஜாக் உருவானது. கப்பல்களுக்குத் தனி முறை: ஒரே நிறத் துணி, கம்பத்தை ஒட்டிய மேல் மூலையில் தேசியச் சின்னம். 1864-இல் நிறங்கள் பங்கிடப்பட்டன: வெள்ளை கடற்படைக்கு, நீலம் அரசுக் கப்பல்களுக்கு, சிவப்பு வணிகக் கப்பல்களுக்கு. மறு ஆண்டே குடியேற்ற நாடுகளின் கப்பல்கள் நீலக் கொடியில் தத்தம் சின்னத்தைச் சேர்க்கத் தொடங்கின. இந்த நீலத்திலிருந்து பிறந்தவைதான் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கொடிகள்.

விடுதலைக்குப் பின் இந்த மரபு மூன்றாகப் பிரிந்தது.

மூலையைக் காத்தவர்கள் முதல் வகை. 2016 வாக்கெடுப்பில் நியூசிலாந்தில் வாக்களித்தோரில் 56 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் பழைய கொடியையே கேட்டார்கள். துவாலு 1995-இல் யூனியன் ஜாக்கை நீக்கி, 1997-இல் திரும்பச் சேர்த்துக்கொண்டது. தமிழ் வம்சாவளியினர் வாழும் ஃபிஜி 2015-இல் மாற்றத்தை அறிவித்து, அடுத்த ஆண்டே கைவிட்டது.

முற்றாக விலகியவர்கள் இரண்டாம் வகை. கனடா 1965-இல் மேப்பிள் இலையை ஏற்றது. இலங்கை, 1815-இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த கண்டி அரசின் சிங்கக் கொடியை மீட்டெடுத்தது. 1951-இல் தமிழருக்குக் காவி, முஸ்லிம்களுக்குப் பச்சை என இரு பட்டைகள் சேர்ந்தன. ஆனால் அவை சிங்கத்தின் கட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. ஒரு கொடியில் யாருக்கு எந்த இடம் என்பது அழகியல் மட்டும் சார்ந்ததன்று.

மூன்றாம் வகை இந்தியாவுடையது. நம் தேசியக் கொடியில் பிரிட்டிஷ் சாயல் துளியும் இல்லை. ஆனால் இந்திய வணிகக் கப்பலில் பறப்பது செங்கொடி. மூலையில் மட்டும் மூவர்ணம். விமானப்படைக் கொடியின் வெளிர்நீலமும் அதே இலக்கணம்தான். கடற்படைக் கொடியிலோ செஞ்சிலுவையே இருந்தது. இடையில் சில ஆண்டுகள் நீங்கித் திரும்பி வந்த அது, 2022 செப்டம்பர் 2-இல் கொச்சியில் விக்ராந்த் கப்பல் சேவையில் சேர்ந்த நாளில்தான் விடைபெற்றது.

மூவர்ணத்துக்கு நாம் வகுத்த அளவுகோல் மிகக் கறாரானது. 1947 ஜூலை 22-இல் அரசியல் நிர்ணய சபை அதை ஏற்றது. நீளமும் அகலமும் 3:2 விகிதம், சக்கரத்தில் 24 ஆரங்கள். 1951-இல் இந்தியத் தர நிர்ணயம் வந்தது. கதர்த் துணி மட்டுமே என்ற கட்டுப்பாடு 2021 டிசம்பரில் தளர்ந்து, எந்திரத்தில் நெய்த துணிக்கும் பாலியஸ்டருக்கும் வழி திறந்தது. கைராட்டையோடு கொடிக்கு இருந்த உறவு தளர்ந்தது பெரிய இழப்பு.

ஜார்ஜ் கோட்டைக் கம்பத்தில் 1932 ஜனவரி 26-இல் ஆர்யா என்கிற பாஷ்யம் துணிந்து மூவர்ணம் ஏற்றினார். 1947 ஆகஸ்ட் 15 காலை அங்கே முறைப்படி ஏறிய கொடி, கோட்டை அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது. தேர்தல் விதிகளைக் கோயில் சுவரில் வெட்டிவைத்த உத்திரமேரூரின் பள்ளிகள், தம் மாணவர்களை ஒருமுறையாவது அழைத்துச் சென்று அந்தக் கொடியைக் காட்ட வேண்டும்.