விருந்தோம்புநரின் வீடு எங்கே?
‘நொமாட்லாண்ட்’ நூலும் படமும் குறித்துச் சில கருத்துகள்

உழைப்பவர்களைப் பற்றி எழுத வருபவர் அவர்களுடைய முகத்தை மட்டும் பார்க்கிறாரா, கைகளையும் பார்க்கிறாரா? எந்த நூலைக் கையிலெடுத்தாலும் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான். முகத்தில் சோகம் தெரியும், சோகத்தை எழுதிவிடலாம். கைகள் என்ன செய்கின்றன, எத்தனை மணித்தியாலம் செய்கின்றன, அதற்கு என்ன கிடைக்கிறது என்று எழுதுவதற்குத்தான் எழுத்தாளரும் உழைக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜெசிக்கா ப்ரூடர் 2017இல் வெளியிட்ட ‘நொமாட்லாண்ட்’ எனும் நூலையும், அதனைத் தழுவி க்ளோயி ஸாவோ இயக்கி 2020இல் வெளிவந்த திரைப்படத்தையும் இக்கேள்வியோடு அணுகியதன் விளைவே இக்கட்டுரை.

படத்தைப் பற்றி நம்மில் பலர் அறிவர். வெனிஸ் திரைப்பட விழாவின் தங்கச் சிங்க விருதையும், 2021இல் சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகை ஆகிய ஒஸ்கார் விருதுகளையும் பெற்ற படம் அது. நூல் அந்தளவுக்கு நம் மத்தியில் பேசப்படவில்லை. 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர், வீட்டு வாடகையும் கடனும் தாங்க முடியாமல் வான்களிலும் பழைய பஸ்களிலும் இழுவை வீடுகளிலும் குடியேறிய வயது முதிர்ந்த அமெரிக்கர்களின் கதை அது. அவர்கள் பருவத்துக்குப் பருவம் வேலை தேடிப் போகிறார்கள். சீனிக்கிழங்கு அறுவடை ஒரு பருவம்; பண்டிகைக் காலத்தில் அமேசன் களஞ்சியசாலை; கோடையில் காடுகளிலும் பூங்காக்களிலும் உள்ள முகாம் மைதானங்கள். ப்ரூடர் மூன்று ஆண்டுகளாக இவர்களைத் தொடர்ந்து சென்றார். தானும் ஒரு வானில் தங்கியிருந்து எழுதினார்.

இவற்றுள் முகாம் மைதான வேலையை மட்டும் நான் இங்கு எடுத்துக்கொள்கிறேன். அமேசன் பற்றிப் பேசுவதற்குப் பலர் உள்ளனர். ஆனால் நூலின் ஆழமான கேள்வி அந்தச் சிறிய வேலைக்குள்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

முகாம் மைதானத்தின் நுழைவாயிலருகே ஒரு வாகன வீடு நிற்கும். அதன் முன்னே ‘ஹோஸ்ட்’ என்றொரு பலகை. கோடை முழுவதும் அங்கே தங்கியிருப்பவர், வருவோரை வரவேற்று இடங்காட்டுவார். கட்டணம் செலுத்தப்பட்டதா என்று பார்ப்பார். இரவில் சத்தம் போடுவோரை அமைதிப்படுத்துவார். விடிந்ததும் அடுப்புக் குழிகளிலுள்ள சாம்பலை அள்ளுவார், குப்பை பொறுக்குவார், மலசலகூடங்களைக் கழுவுவார். அரசாங்கப் பூங்காக்கள் பலவற்றில் இது தொண்டர் பணி. தேசிய வனங்களில் தொண்டர்களை ஏற்பதற்கென்றே 1972இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வாரத்துக்கு 20 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்தால் சம்பளம் இல்லை. வாகனத்தை நிறுத்த இடமும், வசதியுள்ள இடங்களில் நீரும் மின்சாரமும் இலவசம். தேசிய வனங்களின் மைதானங்கள் பல இன்று தனியார் கம்பனிகளால் நடத்தப்படுகின்றன. அங்கே இதே வேலைக்கு அடிமட்டச் சம்பளம் உண்டு.

இதில் மூன்று சொற்கள் வருகின்றன. மூன்றும் நம்மைத் தடுமாற வைப்பவை. முதலாவது, அந்த வாகனத்தின் பெயர். ‘ஆர்.வி.’ எனும் இரண்டெழுத்தின் விரிவு பொழுதுபோக்கு வாகனம் என்பதாகும். ஒருவர் ஆண்டின் 365 நாளும் அதற்குள் சமைத்து, உறங்கி, நோயுற்றுக் கிடந்தாலும் அதன் பெயர் பொழுதுபோக்கு வாகனந்தான். இரண்டாவது சொல் ‘ஹோஸ்ட்’. இதைத் தமிழாக்கினால் விருந்தோம்புநர். விருந்து என்பதற்குப் பழந்தமிழில் புதுமை என்று பொருள். புதிதாய் வருபவர் விருந்தினர். அவரை ஏற்பதற்கு ஒரு வாசல் வேண்டும், வாசலுக்குப் பின்னே ஒரு வீடு வேண்டும். இங்கோ வீடுள்ளவர்கள் விருந்தினராக வருகிறார்கள், வீடில்லாதவர் விருந்தோம்புகிறார். மூன்றாவது சொல் ‘தொண்டர்’. அதற்குப் பின்னர் வருகிறேன்.

நிரந்தரமாக வாகனத்தில் வாழ்பவருக்கு இந்த இலவச இடத்தின் பெறுமதி என்ன என்பதை விளங்கிக்கொள்ள ஒரு விதியை அறிந்திருக்க வேண்டும். அரசாங்கக் காடுகளிலும் பொதுநிலங்களிலும் ஒருவர் ஓரிடத்தில் தொடர்ந்து தங்குவதற்குப் பெரும்பாலும் 14 நாட்களே எல்லை. அதன் பின்னர் கிளம்பியாக வேண்டும். நகரங்கள் பலவற்றில் தெருவோரம் வாகனத்தில் உறங்குவதே குற்றம். விலாசங்கூட இவர்களுக்குத் தேடிப் பெறவேண்டிய பொருள். 1978இல் தொடங்கப்பட்ட எஸ்கேப்பீஸ் எனும் சங்கம், டெக்சாஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்டன் நகரிலிருந்து தன் அங்கத்தவர்களுக்குத் தபால் விலாசம் வழங்குகிறது. சாரதி அனுமதிப்பத்திரத்துக்கும் வாக்குக்கும் அது வேண்டும். இந்நிலையில் ஒரு பருவம் முழுவதும் ஒரே மரத்தடியில் யாரும் விரட்டாமல் நிற்பதற்கு, முகாம் விருந்தோம்புநர் வேலை ஒரு சட்டபூர்வமான வழி. ஆகவே அந்த ‘இலவச இடம்’ வெறும் சலுகையன்று. தங்கியிருப்பதற்கான அனுமதியே அங்கு கூலியாகிறது.

ப்ரூடரின் நூல் இதனை நன்கு உணர்ந்திருக்கிறது. நூலின் மையப்பாத்திரமான லிண்டா மே எனும் 64 வயதுப் பெண், சான் பெர்னார்டினோ தேசிய வனத்திலுள்ள ஹனா ஃப்ளாட் முகாம் மைதானத்துக்கு வேலைக்குச் செல்வதிலேயே கதை ஆரம்பிக்கிறது. ஜீப் வண்டியின் பின்னே பத்தடி நீளமான சிறு இழுவை வீடு. அதற்கு அவர் ‘ஸ்குவீஸ் இன்’ என்று பெயரிட்டிருக்கிறார். இடுக்கி நுழை என்றும், இடுக்கமான விடுதி என்றும் இருபொருள் படும் பெயர். அவருக்கு மணித்தியாலத்துக்கு 9 டொலர் 35 சதம். நூலாசிரியர் சம்பளத்தை எழுதுகிறார், கழுவ வேண்டிய கழிப்பறைகளை எழுதுகிறார், பதிவுசெய்ய அனுமதிக்கப்பட்ட நேரத்துக்கு மேலாக வேலை வாங்கப்பட்டது என்ற விருந்தோம்புநர்களின் முறைப்பாட்டையும் எழுதுகிறார். அதேவேளை, லிண்டா மேயின் சிரிப்பையும் விருந்தினரிடம் அவர் காட்டும் உண்மையான அன்பையும் மறைக்கவில்லை. சுரண்டப்படுகிறார் என்பதற்காக அவரை அழுதுகொண்டே இருப்பவராகக் காட்டவில்லை. சிரிக்கிறார் என்பதற்காகச் சுரண்டலை மறக்கவுமில்லை. இவ்விரண்டையும் ஒருசேரப் பிடித்திருப்பதே இந்நூலின் பெருவெற்றி எனலாம்.

படத்துக்கு வருவோம். ஸாவோ, ஃபெர்ன் எனும் கற்பனைப் பாத்திரத்தை நடுவே வைக்கிறார். பிரான்சிஸ் மெக்டோர்மண்ட் அப்பாத்திரமாகவே வாழ்ந்திருக்கிறார். நெவாடாவின் எம்பயர் எனும் கம்பனி நகரம், 2011இல் ஜிப்சம் தொழிற்சாலை மூடப்பட்டதோடு வெறுமையாகிப்போனது. அதன் தபால் குறியீட்டு எண்கூட நீக்கப்பட்டது. அங்கிருந்து கிளம்பியவளே ஃபெர்ன். லிண்டா மே தானாகவே படத்தில் தோன்றுகிறார். வாழ்நாளெல்லாம் உழைத்த தனக்குச் சமூகப் பாதுகாப்புக் கொடுப்பனவாக 550 டொலரே கிடைக்கும் என்று அறிந்த தருணத்தை அவர் ஃபெர்னிடம் சொல்லும் இடம் படத்தின் உயிர்நாடி. எழுதப்பட்ட வசனம் போலவே அது ஒலிக்கவில்லை. இருவரும் தென் டகோட்டாவின் பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் முகாம் விருந்தோம்புநர்களாகப் பணிபுரிகிறார்கள். கழிப்பறை கழுவும் காட்சியும் உண்டு.

ஆயினும் கெமரா எதை நாடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கழுவும் கைகளிலிருந்து அது விரைவாகப் பாறைகளுக்கும் அந்தி வானத்துக்கும் போய்விடுகிறது. பின் ஃபெர்னின் முகத்துக்கு வருகிறது. கூலி பற்றிய பேச்சு முன்னுக்கு வருவதில்லை. அதைவிட முக்கியமானது கதையமைப்பு. ஃபெர்னுக்குத் தங்கை வீட்டில் இடமிருக்கிறது. நண்பன் டேவும் தன் மகன் வீட்டுக்கு அழைக்கிறான். இரண்டு கதவுகளும் திறந்திருக்க, அவள் இரண்டையும் மறுத்து வானுக்குத் திரும்புகிறாள். இதன் மூலம் வீடின்மை அவளது சுபாவமாகிவிடுகிறது. கணவனை இழந்த துயரின் வடிவமாக அது பார்ப்பவர் மனத்தைத் தொடுகிறது என்பது உண்மையே. ஆனால் நூலின் லிண்டா மேக்குத் திறந்திருந்த கதவுகள் மிகக் குறைவு. அவர் கனவு காண்பதே சொந்த நிலத்தில் பழைய ரயர்களும் மண்ணும் கொண்டு தன் கையால் கட்டப்போகும் ஒரு வீட்டைத்தான். அரிசோனாவின் பாலையில் ஐந்து ஏக்கர் நிலத்தை வாங்கியும் விடுகிறார். வீட்டை வெறுத்துச் சாலையை நாடியவரல்லர் அவர். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்காகவே சாலையில் நின்றவர். படம் இந்த வேறுபாட்டைக் கரைத்துவிட்டது என்பதே அதன்மீதான என் பிரதான விமர்சனம்.

இவ்விடத்தில் ஜோன் ஸ்டைன்பெக் நினைவுக்கு வருகிறார். 1960இல் அவர் ஒரு ட்ரக் வண்டியின்மேல் சிறு வீடமைத்து, சார்லி எனும் நாயுடன் நாட்டைச் சுற்றிவந்து 1962இல் பயண நூலொன்றை வெளியிட்டார். திரும்பிச் செல்ல வீடுள்ளவரின் பயணம் அது. அதைவிட நம் விடயத்துக்கு நெருக்கமானது, 1939இல் வெளிவந்த அவரது ‘கோபத்தின் கனிகள்’ நாவல். நிலமிழந்து கலிபோர்னியா வந்த ஜோட் குடும்பம், வீட்பட்ச் எனும் அரசாங்க முகாமில் சில காலம் தங்குகிறது. அங்கே வாடகை வாரத்துக்கு ஒரு டொலர். பணமில்லாதவர் குப்பை அகற்றி, முகாமைத் துப்புரவாக்கி அதை ஈடுசெய்யலாம். இன்றைய முகாம் விருந்தோம்புநரின் ஒப்பந்தமும் ஏறக்குறைய இதுதான்: இடத்துக்குப் பதிலாகத் துப்புரவு.

ஆனால் வேறுபாட்டை நோக்குங்கள். வீட்பட்ச் முகாமில் தங்கியிருப்போர் தாமே குழுக்களைத் தெரிவுசெய்கிறார்கள். விதிகளைத் தாமே வகுக்கிறார்கள். அவர்கள் கழுவுவது தாம் பயன்படுத்தும் கழிப்பறையை. ஜோட் குடும்பத்துத் தாய் அங்கேதான் மீண்டும் தன்னை ஒரு மனுஷியாக உணர்கிறாள். ஆர்வின் நகரருகே இருந்த அந்த முகாமின் உண்மையான நிர்வாகி டொம் கொலின்ஸ். நாவல் சமர்ப்பிக்கப்பட்டோரில் அவரும் ஒருவர். துப்புரவு வேலை இரண்டு இடத்திலும் ஒன்றே. அங்கே அது ஒரு சமூகத்தின் உறுப்புரிமையாக இருந்தது. இங்கே பிறருடைய விடுமுறைக்குச் செய்யும் ஊழியமாக இருக்கிறது. அந்த 78 ஆண்டு இடைவெளியில் அமெரிக்க ஏழை எதை இழந்தான் என்பதற்கு இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துப் படித்தாலே போதுமானது.

ப்ரூடரின் நூலிலும் குறையில்லாமலில்லை. அவர் சந்தித்த நாடோடிகள் பெரும்பாலும் வெள்ளையர். அதை அவரே கவனித்து, வாகனத்தில் உறங்கும் கறுப்பினத்தவரைப் பொலிஸார் எப்படி நடத்துவர் என்ற கேள்வியையும் எழுப்புகிறார். ஆனால் சுருக்கமாகக் கடந்துவிடுகிறார். நுழைவாயிலில் அமர்ந்திருக்கும் அந்நியரைப் பார்த்தவுடனேயே நம்பிவிடுகிறார்களே, அந்த நம்பிக்கை எல்லா நிறத்தவருக்கும் கிடைக்குமா? விருந்தோம்புநராக இருப்பதற்கும் ஒரு தோற்றம் தேவைப்படுகிறது என்ற உண்மைக்குத் தனியாக ஓர் அத்தியாயம் கொடுத்திருக்கலாம்.

இன்னொன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். போதிய ஓய்வூதியத்தோடு, வீட்டை மனமுவந்து விற்றுவிட்டு, காட்டின் மீதுள்ள பற்றினால் இத்தொண்டினைச் செய்யும் தம்பதியர் பலர் உள்ளனர். அவர்களுடைய மகிழ்ச்சி போலியன்று. அவர்களைப் பரிதாபத்துக்குரியோராக எழுதுவதும் ஒரு பொய்யே. சிக்கல் என்னவெனில், அவர்களும் லிண்டா மேயும் ஒரே மடக்குக் கதிரையில் ஒரே பலகையின் கீழ் அமர்ந்திருக்கிறார்கள் என்பதுதான். பருவம் முடிந்து வாயில் மூடப்படும் நாளில்தான் இருவரும் வேறாகிறார்கள். ஒருவர் அடுத்து எங்கே போக விரும்புகிறார் என்று யோசிக்கிறார். மற்றவர் அடுத்து எங்கே விடுவார்கள் என்று யோசிக்கிறார்.

இப்போது அந்த மூன்றாவது சொல். தொண்டு உயர்ந்த சொல். அதன் உயர்வே அதற்கு ஆபத்து. நம் நாட்டுப் பாடசாலைகளில் ‘தொண்டர் ஆசிரியர்’ என்ற பெயரோடு ஆண்டுக்கணக்கில் கற்பித்தவர்களை நாமறிவோம். காலைக்கூட்டத்தில் நிற்பார்கள், பாடம் நடத்துவார்கள், விடைத்தாள் திருத்துவார்கள். சம்பளப் பட்டியலில் மட்டும் அவர்கள் பெயர் இராது. என்றாவது ஒருநாள் நிரந்தர நியமனம் வரும் என்ற எதிர்பார்ப்பே அவர்களுக்கான கொடுப்பனவு. ஆசிரியர் ஓய்வறையில் அவர்களோடு தேநீர் குடித்தவன் என்ற வகையில், அச்சொல்லை நான் எளிதில் கடந்துபோக முடியாது. சேவை மனப்பான்மை அவர்களிடம் நிறைய இருந்தது. அது இருந்தபடியால்தான் கூலி பற்றிக் கேட்பது அநாகரிகம்போல் ஆக்கப்பட்டது. ஹனா ஃப்ளாட்டின் காட்டில் நடப்பதை வாசித்தபோது அயல்நாட்டுக் கதையாக எனக்குத் தோன்றாததற்குக் காரணம் இதுவே.

இன்று நமது படைப்பாளிகள் பலர் உழைப்பாளரின் முகங்களைச் சிறப்பாகத் தீட்டுகிறார்கள். சம்பளம், நேரம், வேலை ஒழுங்கு ஆகியவற்றை எழுதினால் கலைத்தன்மை கெட்டுவிடும் என்றோர் அச்சமும் அவர்களிடையே உண்டு. ப்ரூடரின் நூல் இவ்வச்சம் தேவையற்றது என்பதை நிரூபிக்கிறது. 9 டொலர் 35 சதம் என்ற எண் அங்கே ஓர் உவமையைவிட ஆழமாகப் பதிகிறது. படத்தைப் பார்த்தவர்கள் அதோடு நின்றுவிடாமல் நூலையும் வாசிக்க வேண்டும். ஆங்கிலம் வல்லவர் எவரேனும் முகாம் மைதானம் பற்றிய அத்தியாயங்களையாவது தமிழாக்கித் தருவாராயின் அது நல்லதொரு பணியாக அமையும். அதற்குரிய சன்மானத்தையும் நாம் கொடுத்துவிட வேண்டும்.