தோசைக்கல்லில் நிறுத்த கூலர்

கணினிக் கூலரைச் சோதிக்க நிஜ சிபியு எதற்கு, செம்புக் கட்டியில் ஹீட்டரைச் செருகினால் போதாதா என்ற பேச்சு மறுபடி பலமாகக் கேட்கிறது. 3டி பிரிண்டருக்கான 24 வோல்ட், 40 வாட் குச்சி ஹீட்டர் மலிவாகக் கிடைக்கும் காலம் இது. கட்டியில் துளை போட்டு நாலைச் செருகினால் 160 வாட். வீட்டு மேசையே ஆய்வுக்கூடமாகிவிடுகிறது.

இந்தக் கட்சியில் நியாயம் உண்டு. சிபியுவின் பெட்டியில் போட்டிருக்கும் டிடிபி என்ற வெப்ப வாட் எண்ணை நம்பிக் கணக்குப் போட முடியாது. ரைசன் 9 7950எக்ஸுக்கு 170 வாட் என்று எழுதியிருக்கும்; அது சாக்கெட்டிலிருந்து 230 வரை இழுக்கும். ஹீட்டரில் அந்தக் குழப்பம் இல்லை. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். கட்டியின் வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழித்து, அந்த வாட்டால் வகுத்தால் வாட்டுக்கு இத்தனை டிகிரி என்று சுத்தமான ஓர் எண் வருகிறது. பக்கவாட்டில் கசியும் சூட்டையும் நன்றாகப் போர்த்திக் குறைக்கலாம். எல்லாம் சரி.

ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது?

வழக்கமான கட்டியின் முகம் 40 மி.மீ. சதுரம், அதாவது 1,600 சதுர மி.மீ. 160 வாட்டை அதில் பரப்பினால் ஒரு சதுர மி.மீ.க்கு 0.1 வாட்தான். 7950எக்ஸில் கணக்குப் போடும் சில்லுகள் இரண்டு. ஒவ்வொன்றும் சுமார் 70 சதுர மி.மீ. ஒன்றில் 100 வாட் எரிந்தால் சதுர மி.மீ.க்கு 1.4 வாட்டுக்கு மேல். பதினான்கு மடங்கு! கட்டி தோசைக்கல், சிபியு தீக்கங்கு. கல்லில் நன்றாக நடந்துகொள்ளும் கூலர் கங்கிலும் அப்படியே நடக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

சில்லின் மேல் உலோக மூடி இருக்கிறதே, அது சூட்டைப் பரப்பிவிடாதா என்பார்கள். ஓரளவு பரப்பும், அவ்வளவுதான். முழுக்கப் பரப்பினால் நொக்டுவா நிறுவனம் தன் கூலரை 7 மி.மீ. தள்ளிப் பொருத்தத் தனிப் பட்டை விற்றிருக்காது. ரைசனின் சில்லுகள் மூடியின் நடுவில் இல்லாமல் ஓரம் தள்ளி இருக்கின்றன. கூலரை அந்தப் பக்கம் நகர்த்தினால் 1 முதல் 3 டிகிரி வரை குறையும் என்கிறது நிறுவனம். எந்தப் பக்கமும் ஒரே சூடாக இருக்கும் செம்புக் கட்டிக்கு இந்தப் பட்டையின் பயன் தெரியவே தெரியாது. ஹீட் பைப்புகளே அடித்தளமாகத் தெரியும் கூலர்களின் கதை இன்னும் மோசம். அகலக் கட்டியில் எல்லாப் பைப்பும் சரிசமமாக உழைக்கும். சிபியுவின் மேல் நடுப் பைப்புகள் திணற, ஓரத்துப் பைப்புகள் ஏறக்குறைய சும்மா கிடக்கும். கட்டி இந்தக் குறையை மறைத்து, பாஸ் மார்க்கும் போட்டுத் தருகிறது. இதை அளவீடு என்று சொல்லவே எனக்கு நா வரவில்லை.

இத்தனைக்கும் இது புதிய ஞானமில்லை. 2000களின் தொடக்கத்தில், மூடியே இல்லாத அத்லான் எக்ஸ்பி சிபியுக்களின் காலத்தில், கூலரைச் சோதிக்கப் போலிச் சில்லு செய்தவர்கள் செம்பின் நுனியைச் சில்லின் அளவுக்குக் கூராகச் செதுக்கினார்கள். அதில் இன்னொரு லாபமும் உண்டு. அப்படிக் குறுக்கிய 10க்கு 10 மி.மீ. கழுத்தில் 100 வாட் ஓடினால், 10 மி.மீ. இடைவெளியில் சூடு சுமார் 25 டிகிரி இறங்கும். அங்கே இரண்டு தெர்மோகப்பிள் வைத்தால், கசிந்தது போக உண்மையில் கூலருக்குப் போகும் வாட் எவ்வளவு என்பதையே நேராக அளந்துவிடலாம். அகலக் கட்டியில் இது வெறும் ஊகம். கழுத்து வைத்தால் கட்டி அதிகம் கொதிக்குமே என்பது சாக்கு. பிரிண்டரில் 200 டிகிரிக்கு மேல் ஓடிப் பழகிய ஹீட்டர்தான் அது.

அடுத்த கட்டியைக் கடைசலுக்குக் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முகத்தைக் குறுக்குங்கள், மேலே ஒரு செம்பு மூடி வையுங்கள். அதற்கு மனமில்லையென்றால், வரைபடத்தின் ஓரத்தில் கட்டியின் பரப்பளவையாவது போடுங்கள்.