அறிவிப்பாளரும் அந்தரங்கமும்: கரோலின் பிளாக் பற்றிய ஒரு நோக்கு

நாடக நடிகரைப் பற்றியும் திரைப்பட நடிகரைப் பற்றியும் விமர்சகர் எழுதிய அளவுக்குத் தொலைக்காட்சி அறிவிப்பாளரைப் பற்றி எழுதியதில்லை. அறிவிப்பதும் ஒரு கலையாகுமா என்ற ஐயமே இதற்குக் காரணமாகலாம். நடிகருக்குப் பாத்திரம் என்றொரு மறைப்பு உண்டு. அறிவிப்பாளரோ தமது சொந்தப் பெயருடனேயே பார்வையாளர் முன் நிற்கிறார். வீட்டுக்கு வந்த உறவினர்போல இயல்பாகப் பேசுவதே அவரது தொழிற்றிறன். அவ்வியல்பு பயிற்சியால் வந்ததென்பதைப் பார்வையாளர் மறந்துவிடுகின்றனர். பத்திரிகை மறப்பதில்லை, மறந்ததாகப் பாவனை செய்கிறது.

பிரித்தானிய அறிவிப்பாளர் கரோலின் பிளாக்கின் (1979–2020) வாழ்வை இந்நோக்கிலேயே அணுக விரும்புகிறேன். நோர்போக்கில் வளர்ந்த அவர் 2014இல் பீபீசியின் நடனப் போட்டியில் வென்றார். 2015 முதல் ஐ.ரீ.வி. 2இன் ‘லவ் ஐலண்ட்’ நிகழ்ச்சியை நடத்தினார். 2018இல் அந்நிகழ்ச்சிக்குப் பாஃப்டா விருதும் கிடைத்தது. அதன் அமைப்பு மனங்கொள்ளத்தக்கது. இளைஞரும் யுவதிகளும் ஒரு மாளிகையிலே தங்கவைக்கப்பட்டுக் காதலிப்பர், பிரிவர். வெல்வது யார் என்பதைப் பார்வையாளரின் வாக்கு முடிவுசெய்யும். இரவில் ஒளிபரப்பானது மறுநாட் காலை டப்லொயிட் பத்திரிகைகளிற் செய்தியாகும். அச்செய்தி அடுத்த இரவுக்குப் பார்வையாளரைத் திரட்டும். தொலைக்காட்சியும் பத்திரிகையும் இங்கே எதிரிகளல்ல, ஒரே உற்பத்தியின் பங்காளிகள். பிறர் காதலைப் பண்டமாக்கும் நிகழ்ச்சியின் முகமாக விளங்கியவர் தமது காதலுக்கு மட்டும் விலக்குக் கேட்கலாமா என்பதே பத்திரிகைகளின் எழுதப்படாத வாதம். நான் அதனை ஏற்கவில்லை. ஆயினும் அதில் வலுவே இல்லை என்பதும் நேர்மையாகாது.

2019 டிசம்பரில், துணைவரைத் தாக்கினார் என்ற குற்றச்சாட்டில் அவர் கைதுசெய்யப்பட்டார். குற்றச்சாட்டு பாரதூரமானது, வீட்டு வன்முறை எவர் செய்தாலும் விசாரிக்கப்படவேண்டியதே. அரச வழக்குத்தொடுநர் சேவை எச்சரிக்கையுடன் விட்டுவிடலாம் என்றே முதலிற் கருதியது. பொலிசார் ஆட்சேபித்ததன் பின்னரே வழக்குத் தொடரப்பட்டது. அவர் குற்றத்தை மறுத்தார், நிகழ்ச்சியிலிருந்தும் விலகினார். விசாரணை 2020 மார்ச் 4ஆந் திகதிக்கு நியமிக்கப்பட்டது. ஆனால் புத்தாண்டு நாளிலேயே ‘த சன்’ பத்திரிகை இரத்தந் தோய்ந்த படுக்கையின் படமொன்றை முதற்பக்கத்தில் வெளியிட்டது. அது யாருடைய இரத்தம்? குற்றஞ்சாட்டப்பட்டவர் ஒருவர், தாக்கப்பட்டவர் மற்றவர் என்று அறிந்திருந்த வாசகர், இரத்தம் துணைவருடையதே என்று எண்ணியிருப்பர். அது கரோலினுடையது என்று குடும்பத்தினர் பின்னர் கூறினர். படம் பொய் சொல்லவில்லை. பொய்யை வாசகரே வருவித்துக்கொள்ளும்படி அது வைக்கப்பட்டிருந்தது. நீதிமன்றம் கூடுவதற்கு இரண்டு மாதங்கள் முன்னரே தீர்ப்புப் போன்ற ஒன்று வாசகர் கையிற் கிடைத்துவிட்டது.

பெப்ரவரி 15இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வழக்குத் தொடரப்படுவது உறுதியென்பதையும் அதனோடு விளம்பரம் முழுவதும் தம்மீது கவியும் என்பதையும் அவர் அறிந்திருந்ததே காரணமென, ஓகஸ்டில் மரண விசாரணை அதிகாரி முடிவுசெய்தார். பத்திரிகைகளே கொன்றன என்று எழுதிவிடுவது சுலபம்; ஆனால் அதுவும் ஒரு டப்லொயிட் தலைப்பே. 2021இல் சனல் 4 ஒளிபரப்பிய விவரணப் படத்தில், புகழுக்கு வெகுமுன்னரே, இளவயதிலேயே அவரை வருத்திய மனத்துயர் பற்றித் தாயும் இரட்டைச் சகோதரியும் பேசுகின்றனர். குற்றவாளியைத் தேடிச் செல்லும் பார்வையாளரை அப்படம் ஏமாற்றுகிறது. அதன் சிறப்பு அதுவே என்பது என் கருத்து.

இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னர் அவர் சமூக வலைத்தளத்தில் இடுவதற்கென ஒரு குறிப்பு எழுதியிருந்தார். வெளியிட வேண்டாமென அவருக்கு ஆலோசனை கூறப்பட்டது. குடும்பத்தினர் அதனைப் பின்னர் நோர்போக்கின் பிரதேசப் பத்திரிகையொன்றுக்கு வழங்கினர். பத்தாண்டுகளுக்கு மேலாகத் தம்மீது சொரியப்பட்ட அவமானத்தையும் நச்சுக் கருத்துக்களையும் முறைப்பாடின்றித் தொழிலின் ஒரு பகுதியென ஏற்றுக்கொண்டதாக அதில் எழுதியிருந்தார். கமராவுக்கு முன்னால் நிற்பதையும் முதற்பக்கத்தில் நிற்பதையும் அவரே ஒரே வேலையாகக் கணக்கிட்டிருந்தார்.