சுடப்பட்டவன் வீட்டு வாசலில்

2013 ஜூலையில் கேகாலை மாவட்டம், தெரணியகலை நூரித் தோட்டத்தின் அத்தியட்சகர் நிஹால் பெரேரா ஒரு கும்பலால் கொல்லப்பட்டார். அந்தக் கும்பலுக்குப் பயந்து தோட்டத்து மக்கள் எத்தனை காலம் வாய்மூடிக் கிடந்தார்கள் என்பது அதன் பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. வழக்கு அவிசாவளை மேல் நீதிமன்றத்தில் நடந்தது. பிரதேச சபைத் தலைவராக இருந்த அனில் சம்பிக்க விஜேசிங்க உட்பட 18 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் இலங்கையில் 1976 ஜூனுக்குப் பிறகு எவரும் தூக்கிலிடப்படவில்லை. தீர்ப்பு வாசிக்கப்பட்ட அன்றும் அவர்களுக்கு மேன்முறையீட்டு உரிமை இருந்தது; மனைவி பிள்ளைகள் சிறைக்குப் போய் முகம் பார்க்க வழி இருந்தது.

நீதிமன்றம் கொலைகாரர் என்று சொன்னவர்களின் வீட்டாருக்கே இவ்வளவு கிடைக்கும்போது, நீதிமன்றப் படியே ஏறாமல் "தற்பாதுகாப்புக்காகச் சுட்டோம்" என்ற ஒரு வரியோடு முடிந்துபோன ஆட்களின் வீட்டாருக்கு என்ன கிடைக்கிறது? அவர்கள்மேல் இரக்கப்படலாமா என்பதே இன்றும் ஒரு சண்டைக்குரிய கேள்வி. சப்ரகமுவத் தோட்டங்களில் அந்தக் கேள்விக்கு ஒரு பழைய பதில் உண்டு. அதன் நல்லதையும் கெட்டதையும் பார்க்க வேண்டிய நேரம் இது.

தோட்டத்தில் சாவு விழுந்தால் யாரும் இறந்தவனின் யோக்கியதையைக் கேட்பதில்லை. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த மரண சகாய நிதியில் பெட்டி வரும். லயத்து வாசலில் தறப்பாள் கட்டுவார்கள். நாற்காலி ஒரு வீட்டிலிருந்து, கேத்தல் இன்னொரு வீட்டிலிருந்து. ராத்திரி முழுக்க சாயத்தண்ணி ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். குடித்துவிட்டு அடித்தவன், ஒட்டுப்பால் களவெடுத்தவன், கசிப்பு விற்றவன் எல்லோருக்கும் அதே தப்புச் சத்தம்தான். பத்தடி அறைகள் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் லயத்தில், பக்கத்துச் சுவருக்கு அப்பால் ஒரு தாய் ஒப்பாரி வைக்கும்போது இந்தப் பக்கம் அடுப்பு மூட்டிச் சமைக்க எவருக்கும் மனம் வராது. நெருக்கத்தில் பிறந்த வழக்கம் இது.

இதன் பெரிய பலம், குற்றத்தையும் குடும்பத்தையும் அது பிரித்துப் பார்ப்பது. களவெடுத்தது மகன், கொழுந்துக்கூடை சுமப்பது தாய். துப்பாக்கி எடுத்தது புருஷன். பிள்ளையை மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியது மனைவி. "கள்ளன் பிள்ளை" என்ற பெயரோடு வகுப்பில் உட்காரும் எட்டு வயதுக் குழந்தை எந்தச் சட்டத்தின் கீழும் குற்றவாளி அல்ல. இதைப் பெரிய மனிதர்கள் மேடையில் சொல்வதற்கு எவ்வளவோ முன்பே லயத்து ஆட்கள் தறப்பாள் கட்டிச் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. தறப்பாளுக்கு அடியில் உட்கார்ந்ததும் பேச்சு மெல்ல மாறும். "பாவம், நல்ல பயல், சேர்க்கை சரியில்லை" என்று தொடங்கும். விடிவதற்குள் அவன் செய்தது எல்லாம் கழுவப்பட்டுவிடும். அவனால் அடிபட்டவன் நாலு லயம் தள்ளி இருப்பான். அவன் வீட்டு வாசலில் எவரும் நாற்காலி போட்டதில்லை. அவன் செத்துப்போகவில்லையே! செத்தவனுக்காக அழத் தெரிந்த ஊருக்கு, வெட்டுக்காயத்தோடு உயிர்தப்பிப் பிறகு வேலைக்குப் போக முடியாமல் கிடப்பவனின் வீட்டை எட்டிப்பார்க்கத் தெரியாமல் போவது இந்த வழக்கத்தின் மிக மோசமான குறை. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பும் உதவியும் அளிக்க 2015இல் ஒரு சட்டமும், அதன் இடத்தில் 2023இல் புதிய சட்டமும் வந்தன. அவற்றைப் பற்றித் தோட்டத்தில் விளக்கிச் சொல்லத்தான் ஆளில்லை.

உண்மையிலேயே தன் உயிரைக் காத்துக்கொள்ளத் திருப்பித் தாக்கியவர்களையும் மறக்க முடியாது. இரத்தினபுரி மாவட்டத்துக் கஹவத்தை, கொட்டகெத்தனையில் 2008 முதல் சில ஆண்டுகளாகப் பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலத்தில் அங்கே தனியாக இருந்த ஒரு பெண், கதவை உடைத்து உள்ளே வந்தவனை வெட்டியிருந்தால் அவளைக் குற்றவாளி என்று சொல்ல யாருக்கு நாக்கு எழும்? 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையும் சொல்லாது. அதன் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்பாதுகாப்பு உரிமையைத் தெளிவாகத் தருகின்றன. கொலை, கொடுங்காயம், பாலியல் வன்முறை, இரவில் வீடுடைத்தல் போன்ற ஆபத்துகளின்போது எதிராளியைக் கொல்லும் அளவுக்கும் அந்த உரிமை நீளும். முக்கிய நிபந்தனை இது: காப்பாற்றிக்கொள்ளத் தேவையான அளவைத் தாண்டித் தீங்கு செய்யக் கூடாது.

அப்படிப்பட்ட பெண்ணின் வாசலில் போய், இறந்தவன் வீட்டார் பக்கம் நின்று ஊரே முறைப்பது இரக்கம் ஆகாது. அது அவளுக்குச் செய்யும் இரண்டாவது வன்முறை. இறந்தவன் தாயின் கையைப் பிடித்து அழுவதும், அவள் மகனை எதிர்த்து நின்றவளைத் தொந்தரவு செய்யாமல் விடுவதும் ஒரே ஊரால் ஒரே நாளில் செய்யக்கூடியவைதான்.

பொலிஸ் சுடுவது வேறு விஷயம். கதவுக்கு உள்ளே ஒற்றையாக நின்ற பெண்ணுக்கு இருந்த நெருக்கடி, கைவிலங்கிட்ட ஒருவனைச் சுற்றி ஆயுதத்தோடு நின்ற பொலிஸ் குழுவுக்கு இருந்ததா என்பது விசாரித்துத்தான் தெரிய வேண்டும். இலங்கையில் வரும் அறிக்கைகளோ ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கின்றன. சந்தேகநபரை ஆயுதமோ போதைப்பொருளோ காட்டித்தரக் கூட்டிப் போவார்கள். அங்கே ஏதோ நடக்கும். விலங்கிட்டவன் மட்டும் சடலமாகத் திரும்புவான். 2020 ஒக்டோபரில் கொழும்பு மாளிகாவத்தையில், பாதாள உலகத் தலைவர் என்று சொல்லப்பட்ட மாக்கந்துரே மதூஷ் இப்படி இறந்தார். 2021 மே மாதத்தில் இரண்டே நாள் இடைவெளியில் 'ஊரு ஜுவா'வும் கொஸ்கொட தாரகவும் இறந்தார்கள். தாரகவின் உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று சட்டத்தரணிகள் சங்கம் முன்கூட்டியே பொலிஸுக்குச் சொல்லியும் அது நடந்தது. 2025 பெப்ரவரியில் கொட்டாஞ்சேனைக் கொலை ஒன்றில் பிடிபட்ட இருவரும் ஆயுதம் காட்டப் போன இடத்தில்தான் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இவர்களில் பலர்மேல் பயங்கரமான குற்றச்சாட்டுகள் இருந்தன. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் நூரித் தோட்டக் கொலைக்குத் தண்டனை பெற்றவர்களுக்குக் கிடைத்த நீதிமன்றம் இவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை?

"கள்ளனைத்தானே சுட்டார்கள், உனக்கென்ன" என்று தேநீர்க் கடையில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பதிலைப் பார்க்கக் கேகாலைக்காரர்கள் தங்கள் மாவட்டத்துக்கு வெளியே போகவே வேண்டாம். 2022 ஏப்ரல் 19 அன்று கேகாலை மாவட்டத்து றம்புக்கனையில் எரிபொருள் விலையேற்றத்துக்கு எதிராக ரயில் பாதையை மறித்து மக்கள் திரண்டார்கள். பொலிஸ் சுட்டதில் இரண்டு பிள்ளைகளின் தந்தையான சமிந்த லக்ஷான் இறந்தார். எரிபொருள் பவுசருக்குத் தீ வைக்க முயன்றார்கள், தடுக்கவே சுட்டோம் என்று பொலிஸ் தரப்பு சொன்னது. சில நாட்களில், சுட உத்தரவிட்ட மூத்த பொலிஸ் அதிகாரி கைது செய்யப்பட்டார். காலையில் வரிசையில் நின்ற சாதாரண மனிதரை மாலைக்குள் கலகக்காரர் ஆக்க ஓர் அறிக்கை போதும் என்பதைக் கேகாலை கண்ணால் பார்த்தது.

மலையகத்துக்கு இது புதிதும் இல்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தனும், 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணனும் பொலிஸ் குண்டுக்குப் பலியானார்கள். இன்று மலையகம் அவர்களைத் தியாகிகள் என்று நினைவுகூர்கிறது. சுட்ட நாளில் அவர்களுக்கு இடப்பட்ட பெயர் வேறு. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரித் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டபோது பாதுகாப்புத் தேடி ஓடிய தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. பொலிஸின் முதல் வார்த்தையை அப்படியே நம்ப அவர்கள் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்குக் காரணம் குற்றவாளிமேல் உள்ள பாசம் அல்ல. வாழ்ந்து கற்ற எச்சரிக்கை.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 பேர் பொலிஸ் சுட்டு இறந்தார்கள். செம்மரம் வெட்டப் போன கூலித்தொழிலாளிகள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்து ஏழைகள். கற்களாலும் அரிவாளாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது பொலிஸ். சப்ரகமுவத் தோட்டக் குடும்பங்கள் பலவற்றின் பூட்டன் பூட்டிகள் கப்பலேறி வந்ததும் இந்தப் பக்கங்கள் அடங்கியிருந்த அன்றைய சேலம், வட ஆற்காட்டு மண்ணிலிருந்துதான். மரம் வெட்டியது குற்றமே. அந்தக் குற்றத்துக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் மரண தண்டனை இல்லை. மரத்தைக் கடத்தி விற்றுப் பணம் பார்த்த முதலாளிகள் அன்றைக்குக் காட்டில் இருக்கவில்லை.

இரக்கத்தின் பக்கம் நின்றே சொல்ல வேண்டிய கடுமையான குறை ஒன்று மிச்சம் இருக்கிறது. தோட்டத்து இரக்கம் பதினாறாம் நாள் கருமாதியோடு தீர்ந்துவிடுகிறது. அதற்குள் நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்துவிடும். ஆஸ்பத்திரிச் சவச்சாலை வாசலில் காத்திருக்கும் தகப்பனிடம் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க அவருக்குத் துணிவு இருக்காது. பிரேதம் சீக்கிரம் கிடைத்தால் போதும் என்றிருக்கும். பொலிஸ் காவலில் ஒருவர் இறந்தால் நீதவான் மரண விசாரணை நடத்த வேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் சொல்கிறது. அந்த விசாரணையில் வீட்டார் தரப்பில் ஒரு சட்டத்தரணி எழுந்து நின்று, எத்தனை அடி தூரத்திலிருந்து சுடப்பட்டது, குண்டு முன்னால் பாய்ந்ததா முதுகில் பாய்ந்ததா, விலங்கு எப்போது கழற்றப்பட்டது என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். கேட்க ஆளில்லாவிட்டால் பொலிஸ் சொன்னதே முடிந்த முடிவாகிவிடும்.

இறந்தவனுக்காக வீட்டார் வழக்குப் போட முடியுமா என்ற கேள்விக்கு உயர் நீதிமன்றம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது. பயாகல பொலிஸாரிடம் அகப்பட்டு, பின்னர் விளக்கமறியலில் இறந்துபோன ஒருவரின் மனைவி சிறியாணி சில்வா போட்ட வழக்கு அது. அரசியலமைப்பில் உயிர்வாழும் உரிமை என்று தனியாக ஒரு வரி இல்லாவிட்டாலும், 13(4)ஆம் உறுப்புரைக்குள் அது அடங்கியிருக்கிறது என்றும், கணவர் இறந்துவிட்டாலும் மனைவி வழக்காடலாம் என்றும் தீர்ப்பானது. மனைவிக்கும் பிள்ளைக்கும் நட்டஈடு வழங்க உத்தரவிடப்பட்டது. அவர் குற்றமே செய்யாதவர் என்று நிரூபித்தால்தான் தருவோம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை.

ஆகவே சாவு வீட்டுக்குப் போகும் வழக்கம் நிற்கக் கூடாது. அதன் திசைதான் மாற வேண்டும். இறந்தவனை உத்தமன் ஆக்கும் பேச்சை விட்டுவிடலாம். அவனால் அடிபட்டவன் வீட்டுக்கும் அதே மரண சகாய நிதியிலிருந்து உதவி போகலாம். சுடப்பட்டவன் வீட்டாருக்குத் தறப்பாளோடு ஒரு சட்டத்தரணியையும், சிங்களம் தமிழ் இரண்டும் தெரிந்த ஓர் ஆளையும் கொண்டுபோய் நிறுத்தலாம். தோட்டத்துக்குத் தோட்டம் தொழிற்சங்கத் தலைவர்கள் இருக்கிறார்கள். சம்பளத்தில் சந்தாவும் பிடிக்கிறார்கள். இது அவர்களால் முடியாத வேலை அல்ல.

உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தரும் காலம் ஒரே ஒரு மாதம். கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் ஊர் திரும்பும்போது அதில் பாதி போயிருக்கும். அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்துவிட்டால், ஆணைக்குழு விசாரிக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது என்கிறது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். தலைவர்மாரே, பெட்டிக்குப் பணம் எண்ணிக் கொடுக்கும் அன்றைக்கே அந்த முறைப்பாட்டையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.