தீராத வயிற்று வலி

2013இல் ஒரு சிறுபத்திரிகையில் நான் எழுதிய கட்டுரையை இப்போது நானே எடுத்து விமர்சிக்க வேண்டியிருக்கிறது. கட்டட வேலைக்காரர்களின் நக்கலைப் பற்றிய கட்டுரை அது. எம்.ஏ. தமிழ் முடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கையில் நாலைந்து கோட்பாட்டுப் புத்தகம், பாமாவின் 'கிசும்புக்காரன்' (1996) தொகுப்பைப் படித்த சூடு வேறு. சேரி சனங்களின் குசும்பு வெறும் பொழுதுபோக்கு அல்ல, ஆதிக்க சாதியின் முகத்தில் காறி உமிழும் கலகச் சொல்லாடல் என்று அதில் நிறுவியிருந்தேன். ஒரு கருத்தரங்கில் வாசித்துக் கைதட்டும் வாங்கினேன். கட்டுரையின் நாயகர் என் சித்தப்பா. கொத்தனார். 2017 ஆடி மாசம் செத்துப்போனார்.

எப்படிச் செத்தார் என்பதை எழுதப்போவதில்லை. மறுநாள் பேப்பரில் நாலு வரி வந்தது. தீராத வயிற்று வலியால் அவதிப்பட்ட கட்டடத் தொழிலாளி மனமுடைந்து இப்படிச் செய்துகொண்டார் என்று. தமிழ்ப் பேப்பர் படிக்கிற எல்லாருக்கும் அந்த வயிற்று வலி தெரியும். கடன்காரன் வாசலில் நின்றாலும் வயிற்று வலி, பெண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போனாலும் வயிற்று வலி. கேஸை முடிக்க எல்லாருக்கும் வசதியான வலி அது. சித்தப்பாவுக்கு வயிற்று வலி இருந்ததே இல்லை. கல்லைத் தின்றாலும் கரைக்கிற வயிறு.

என் கட்டுரை எதன்மேல் நின்றது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆதிக்கசாதிக்காரர் வீடு. கடக்காலிலிருந்து மேல்தளம் வரை சித்தப்பா கட்டினது. கிரகப்பிரவேசத்தன்றைக்கு வேட்டி துண்டு கொடுத்து, பின்பக்கம் கிணற்றடியில் இலை போட்டார்கள். வாசப்படி தாண்ட விடவில்லை. அதைப்பற்றி சித்தப்பா சொல்லுவார்:

"என்னை வெளியில ஒக்கார வச்சுட்டா தீட்டு போயிடுமா? சாமி ரூம்பு கலவைக்குத் தண்ணி பத்தலன்னு என் வேர்வையை ஊத்திதான கொழச்சேன். தீட்டு செவுத்துக்குள்ள கீது. இடிச்சாத்தான் போவும்."

கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும்தான். இதைத்தான் எடுத்துப் போட்டு, தீட்டு என்கிற கருத்தாக்கத்தையே ஒரு கொத்தனார் கட்டுடைத்துவிட்டார் என்று இரண்டு பக்கம் எழுதினேன். எழுதினது பொய்யில்லை. ஆனால் ஒன்றை விட்டுவிட்டேன். சித்தப்பா இதை அந்த வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. டீக்கடையில் சொன்னார், சாரத்தின்மேல் சொன்னார், எங்கள் திண்ணையில் சொன்னார். வீட்டுக்காரரிடம் வேட்டியை வாங்கிக்கொண்டு "வரேங்க" என்றுதான் சொன்னார். முகத்தில் காறி உமிழ்ந்தது நான், அதுவும் காகிதத்தில்.

அவர் செத்து முப்பது முடிந்த பிறகு சித்தி சொன்னது இது. அன்றைக்குக் கிணற்றடியில் போட்ட சோற்றை அவர் தொடவில்லை. வீட்டுக்கு வந்தும் சாப்பிடவில்லை. சோறு போட்ட இடத்தைப் பற்றிக்கூட அவருக்கு அவ்வளவு இல்லையாம். அந்த சாமி ரூம் மூலையை நாலு நாள் மெனக்கெட்டு எடுத்திருந்தார். தூக்குக்குண்டு விட்டு, ரசமட்டம் வைத்து, ஒரு நூல் பிசகாமல். டைல்ஸ் ஒட்டினபிறகு அந்த மூலை எப்படி உட்கார்ந்திருக்கு என்று ஒருதரம் பார்க்க வேண்டும் என்று கிடந்து தவித்தாராம். "அந்த மூலைய மட்டும் பாத்துட்டு வந்துருப்பேன்டி" என்று ராத்திரி முழுக்கப் புலம்பினாராம். மறுநாள் காலையில்தான் தீட்டு ஜோக் பிறந்தது.

நான் படித்த மெய்ப்பாட்டியலில் நகை தோன்ற நான்கு இடம்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அடுத்தபடியாக அழுகைக்கு நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பரீட்சைக்கு இதை உருப்போட்டபோது எட்டு மதிப்பெண் கேள்வி, அவ்வளவுதான். இப்போது சித்தப்பாவின் ஒவ்வொரு ஜோக்காக எடுத்து வைத்துப் பார்க்கிறேன். நகைக்குச் சொன்ன நாலில் எள்ளல் மட்டும் மேலே பூச்சு மாதிரித் தெரிகிறது. பூச்சைச் சுரண்டினால் உள்ளே செங்கல் எல்லாம் அழுகைக்குரியது. கிணற்றடி இலை இளிவு. கூட்டாளி செத்தது இழவு. முதுகு போனது அசைவு. வறுமையைத் தனியாகச் சொல்ல வேண்டாம். அழுகைக்குரிய நாலு இடத்திலும் இந்த மனுஷன் சிரிப்பை முளைக்க வைத்திருக்கிறார். நான் அந்தப் பயிரை அறுத்துக் கருத்தரங்கில் படையல் வைத்தேன்.

பெருமிதத்துக்கும் நான்கு உண்டு: கல்வி, தறுகண், இசைமை, கொடை. முதலில் நிற்பது கல்வி. உரைகாரர்கள் கல்வி என்றதும் ஏட்டைத்தான் நினைத்திருப்பார்கள். ரசமட்டத்தில் நீர்க்குமிழியை நடுவில் நிறுத்துகிற கல்வியை எந்தப் புலவர் கணக்கில் எடுத்தார்? சித்தப்பாவோடு பஸ்ஸில் போனால் காது தாங்காது. "பாப்பா, அந்த பச்சைக் கலரு மாடி நம்முளுது. இந்த வளைவு நம்ம கை." ஊர் பாதி அவர் சொத்து மாதிரி பேசுவார். பக்கத்து சீட்டுக்காரர் மேலும் கீழும் பார்ப்பார். உடனே சித்தப்பா, "வாடகை மட்டும் வசூல் பண்றதில்ல, போனா போறாங்கன்னு" என்பார். அங்கேயும் சிரிப்புதான். பெருமையைச் சும்மா பெருமையாகச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. ஜோக்கில் சுற்றித்தான் கொடுக்க வேண்டும்.

2014 ஜூன் 28ஆம் தேதி சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த சனங்கள் அதில் நிறைய. சித்தப்பா அப்போது சென்னையில் வேறொரு இடத்தில் வேலையில் இருந்தார். அதற்கப்புறம் தளம் போடுகிற நாளில் காலையில் வேலைக்கு வரும்போதே ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கொள்வார்களாம்: "இன்னிக்குக் கான்கிரீட்டா, காரியமா?" இதையும் நான் நோட்டில் எழுதிவைத்தேன், கட்டுரையின் இரண்டாம் பாகத்துக்காக.

மறுவருஷம் அவருடைய கூட்டாளி விழுந்தார். பன்னிரண்டு வருஷம் ஒரே சாரத்தில் எதிரும் புதிருமாக நின்று வேலை பார்த்தவர்கள். வெளிப்பூச்சு நேரம், மூன்றாவது மாடி, சவுக்குக் கம்பின் கட்டு நெகிழ்ந்துவிட்டது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து போய்விட்டார். அதிலிருந்து சித்தப்பாவால் சாரத்தில் ஏற முடியவில்லை. முதல் தட்டில் கால் வைத்தாலே தொடை உதறும். எங்களிடம் எப்படிச் சொன்னார் தெரியுமா? "சாரத்துக்கு என் மேல பயம் வந்துடுச்சு பாப்பா. நான் ஏறுனா அது நடுங்குது." வேலை செய்கிற இடத்தில் அவருக்குத் 'தரைக் கொத்தனார்' என்று பேர் வைத்தார்கள். பேரை முதலில் சொல்லிக்கொண்டு திரிந்தவரும் அவரே. அடுத்தவன் சொல்லுமுன் நாமே சொல்லிவிட்டால் வலிக்காது என்பது சேரிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே கற்றுக்கொள்கிற பாடம். எனக்கும் தெரிந்த பாடம்தான். தெரிந்தும் சிரித்தேன்.

அச்சத்துக்குத் தொல்காப்பியர் சொன்ன நான்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. சவுக்குக் கம்பு அதில் இல்லை. சாரம் ஏறினவன் யாரும் இலக்கணம் எழுத உட்காரவில்லை.

ஒருநாள் நானே அவரிடம் சொன்னேன், மாவட்ட ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டர் வருகிறார், ஒருதரம் போய் வரலாம் என்று. சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "என்னைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பப் பாக்குறியா? அங்க செவுரு பூசற வேலை இருந்தா சொல்லு, இன்னிக்கே வரேன்" என்றார். சித்தி சிரித்தாள், பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். 1794இல் சென்னையில் தொடங்கிய மனநோய் ஆஸ்பத்திரி அது. தமிழ் சினிமாவும் தெருவும் சேர்ந்து கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பேரையே ஒரு வசவாக ஆக்கி வைத்திருக்கிறோம். எத்தனை பேருக்கு அந்தச் சிரிப்பு கதவைச் சாத்தியிருக்கும்! என் சித்தப்பாவுக்குச் சாத்தியபோது கதவின் இந்தப் பக்கம் நின்று சிரித்தவள் நான்.

சினிமா என்றதும் 'ஃபிரண்ட்ஸ்' (2001) படத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. பெயிண்டிங் கான்ட்ராக்டர் நேசமணியாக வடிவேலு. மேலேயிருந்து சுத்தியல் தலையில் விழும், அவர் படுகிற பாட்டில் கொட்டகை அதிரும். இந்தக் காட்சியைக் கட்டட வேலைக்காரர்கள் மாதிரி ரசித்தவர்கள் கிடையாது. சித்தப்பா சாப்பாட்டு நேரத்தில் நடித்தே காட்டுவார். காரணம் இருக்கிறது. அடிபடுகிறவன் கான்ட்ராக்டர். வாழ்நாள் முழுக்க வைகிற வாய் ஒருதரம் அலறுகிறதைப் பார்க்கிற சந்தோஷம் அது, நியாயமான சந்தோஷம். சில முற்போக்கு விமர்சகர்கள் இந்த மாதிரி நகைச்சுவையை மலினம் என்று ஒதுக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் கேட்பது வேறு. சுத்தியல் மேலேயிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று அந்தக் கொட்டகையிலேயே நன்றாகத் தெரிந்தவர்கள் இவர்கள்தான். தெரிந்தவர்களே அவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறார்கள் என்றால், அந்தச் சத்தத்துக்கு அடியில் என்ன இருந்தது? 2019 மே மாசக் கடைசியில் நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று சமூக வலைத்தளத்தில் உலகமே விளையாடிற்று. நல்ல விளையாட்டுதான். சித்தப்பா இருந்திருந்தால் முதல் ஆளாக மெழுகுவத்தி ஏற்றியிருப்பார். எனக்கு அந்த இரண்டு நாளும் போனைத் தொடப் பிடிக்கவில்லை.

பெண்கள் கதை வேறு. என் அம்மா முப்பது வருஷம் சித்தாள். பாண்டு சுமந்து உச்சந்தலையில் முடி கொட்டிப்போனவள். சித்தாளாக வேலைக்குச் சேர்ந்தவள் சித்தாளாகவேதான் கிழவி ஆகவேண்டும். கரணையை அவள் கையில் கொடுக்கமாட்டார்கள். ஜெயகாந்தன்கூட சித்தாளைத் தலைப்பில் வைத்து அவளைச் சினிமாவுக்குத்தான் அனுப்பினார், கலவை போட அனுப்பவில்லை. ஆனால் அம்மாவும் அவள் சோட்டுப் பெண்களும் சிரிப்பார்கள், வைவார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள், சாவு வீட்டில் போய் அடுத்தவள் சாவுக்குத் தன் கதையைச் சொல்லி ஒப்பாரி வைப்பார்கள். அழுகையை அழுகையாகவே இறக்கிவைக்க அவர்களுக்கு ஒரு திண்ணை இருக்கிறது. ஆம்பளைக்கு அது இல்லை. அவனுக்குச் சாராயக்கடையும் ஜோக்கும்தான். இதை வைத்துப் பெண்களுக்குக் கஷ்டம் குறைவு என்று யாரும் வந்துவிடாதீர்கள். ஆம்பளையின் வாய் மூடினதற்கும் சேர்த்து உதை வாங்கினவர்கள் அவர்கள். அந்தப் பழைய கட்டுரையை அம்மாவுக்கு ஒருதரம் படித்துக் காட்டியிருந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவன் சிரிக்க வச்சத எழுதிட்ட. ஊட்டுக்கு வந்தா வாயே தொறக்க மாட்டானே, அத எழுதலியே" என்றாள். அம்மாவுக்குக் கோட்பாடு தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

2021இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டதாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டுவது 1,64,033 பேர். அதில் தினக்கூலிகள் 42,004 பேர். நாலில் ஒருத்தர். இவர்களில் கட்டட வேலைக்காரர் எத்தனை என்று அந்தக் கணக்கில் தனியாக இல்லை. அச்சிட்ட பக்கங்களில் சாதியும் இல்லை. அரசாங்கத்தைத் திட்டுவது சுலபம். சங்கத்தில் இருக்கிற நாங்கள் என்ன செய்தோம்? தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994இல் வந்தது, போராடித்தான் வந்தது. அதற்கப்புறம் விபத்துக்குக் கேட்டோம், பிரசவத்துக்குக் கேட்டோம், படிப்புக்கு, கல்யாணத்துக்கு, ஓய்வூதியத்துக்குக் கேட்டோம். எல்லாம் வேண்டியதுதான். நான் எழுதிய கோரிக்கை மனுக்களில் மனசு என்கிற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. சித்தப்பா போனபிறகு சித்திக்காகப் படிவம் எழுத உட்கார்ந்தேன். விபத்து மரணம் என்று ஒன்று, இயற்கை மரணம் என்று ஒன்று. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சித்தி, "வயித்து வலின்னே எழுது பாப்பா" என்றாள்.

போன வருஷம் சங்கக் கூட்டத்தில் முதல்முறையாக இதைப் பேசினேன். முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். தூக்கம் வராமல் இருப்பது, ஏறப் பயப்படுவது, காரணமில்லாமல் கை நடுங்குவது, இதெல்லாம் யாருக்காவது இருக்கா என்று கேட்டேன். கம்மென்று இருந்தார்கள். பின்னாலிருந்து ஒரு கம்பி கட்டுகிற அண்ணன், "எனக்குக் கை நடுங்குதும்மா, சனிக்கெழம சம்பளம் எண்ணும்போது" என்றார். மொத்தக் கூட்டமும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல ஜோக்.

கூட்டம் முடிந்து சேர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாரும் போனபிறகு அந்த அண்ணன் செருப்பைத் தேடுகிற மாதிரி வாசலிலேயே நின்றார். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "அந்த டாக்டரு என்னா கெழமம்மா வராரு?" என்றார்.

செவ்வாய்க்கிழமை என்றேன். நானும் கூட வருகிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.